வயதையும் எழுதி வையுங்கள்: நீண்ட நாள் வாழும் பூச்சிகளின் மரபணுத்தொகுதியைப் படிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பூச்சிகளின் மரபணுத்தொகுதியை, அதாவது அவற்றின் டி.என்.ஏ. முழுவதையும், எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும், அவர்களுக்காக மாதிரி சேகரிப்பவர்களுக்கும், அந்தத் தரவுகளைப் பதிவேட்டில் ஏற்றுபவர்களுக்கும் வணக்கம்.

சட்டென்று முடிந்துபோகிற எதையும் 'ஈசல் வாழ்வு' என்று சொல்லிவிடுவது தமிழில் வழக்கம். மழை விட்ட இரவில் விளக்கைச் சுற்றி மொய்க்கும், விடிந்து பார்த்தால் தரையெல்லாம் இறக்கை மட்டும் கிடக்கும். அதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு சோடி பல்லியிடமும் தவளையிடமும் அகப்படாமல் தப்பிவிடுகிறது. தன் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. மேக்ரோடெர்மெஸ் வகைக் கரையானாக இருந்தால் அந்தச் சோடிதான் புதிய புற்றின் ராஜாவும் ராணியும். 20 ஆண்டு வரைகூட வாழும். அதே புற்றில் பிறந்து, மண் சுமந்து, தீனி கொண்டுவரும் அவற்றின் பிள்ளைகளோ சில வாரங்களிலோ சில மாதங்களிலோ செத்துப்போகின்றன.

நான் எழுத வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீண்ட நாள் வாழும் ஒரு பூச்சியை எடுத்து அதன் டி.என்.ஏ.வைப் படிக்கிறீர்கள் என்றால், அது எத்தனை ஆண்டு வாழ்ந்த பூச்சி என்பதையும் அதே பதிவில் எழுதி வையுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் 'குறைந்தது இத்தனை ஆண்டு' என்றாவது எழுதுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எனக்குப் பெரிய விஷயம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பூச்சிகளில் முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது பழ ஈ. அந்த ஆய்வு 2000-இல் வந்தது. பழ ஈ இரண்டு மூன்று மாதம் வாழ்ந்தாலே அதிகம். முதுமை பற்றிப் பூச்சிகளிடமிருந்து நாம் கற்றதில் பெரும்பகுதி இந்த அவசர வாழ்க்கைக்காரரிடமிருந்து கற்றதுதான். தேனீ 2006-இல் வந்தது. கோடைக்கால வேலைக்காரத் தேனீ ஐந்தாறு வாரம் வாழும். ராணித் தேனீக்கோ ஆண்டுக்கணக்கில் ஆயுள். 2010-இல் இரண்டு எறும்புகள், 2014-இல் இரண்டு கரையான்கள் என்று வரிசை நீண்டது. 2011-இல் பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகளில் 5,000 இனங்களைப் படிப்போம் என்று ஐ5கே திட்டத்தை அறிவித்தீர்கள். 2018-இல், பாக்டீரியா போன்றவை தவிர, பெயர் வைக்கப்பட்ட உயிரினங்கள் அத்தனையையும் படித்துவிடுவோம் என்று எர்த் பயோஜீனோம் திட்டம் கிளம்பியது. எறும்புகளில் மட்டுமே இன்று 163 இனங்களின் மரபணுத்தொகுதியை ஒன்றாக வைத்து ஒப்பிட்ட ஆய்வு வந்திருக்கிறது. இவ்வளவு உழைப்பையும் தூரத்திலிருந்து பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். என் மனக்குறையையும் அந்த மகிழ்ச்சியோடு சேர்த்தே படியுங்கள்.

1997-இல் லாரன்ட் கெல்லர், மிஷல் ஜெனூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தனித்து வாழும் பூச்சிகளின் முதிர்பருவ ஆயுளைச் சராசரி பார்த்தால் ஓர் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு. எறும்பு, கரையான், தேனீ போன்ற கூட்டு வாழ்க்கைக்காரர்களின் ராணிகளுக்குச் சராசரி சுமார் 10 ஆண்டு. நூறு மடங்கு வித்தியாசம்! நம்மைவிட நூறு மடங்கு வாழும் ஒரு பாலூட்டியை யாராவது கண்டுபிடித்தால் உலகமே அங்கே ஓடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. திமிங்கிலத்தையும் எலியையும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு மரபணுத்தொகுதி. எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்து எங்கே மாறியிருக்கிறது என்று தேடலாம். மிக நீண்ட நாள் வாழும் போஹெட் திமிங்கிலத்தை அப்படித்தான் 2015-இல் படித்தார்கள். எறும்புக் கூட்டில் அந்த வழி பாதியிலேயே நின்றுவிடும். ராணியும் வேலைக்காரியும் ஒரே இனம். பெரும்பாலான இனங்களில் எந்தப் பெண் முட்டையும் வளர்ப்பைப் பொறுத்து ராணியாகவும் ஆகலாம், வேலைக்காரியாகவும் ஆகலாம். அதே நூலிலிருந்துதான் ஒருத்தி 6 மாதத்தையும் இன்னொருத்தி 20 ஆண்டையும் வாசித்துக்கொள்கிறார்கள். நூலை மட்டும் எழுத்துப் பிசகாமல் படியெடுத்து வைத்தால், எந்தப் பக்கம் எந்த வயதில் திறந்திருந்தது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, மாதிரி கொடுத்த உயிரின் வயது தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை கிடைத்த நல்ல விடைகள் எல்லாமே வயதைக் குறித்து வைத்தவர்களிடமிருந்துதான் வந்திருக்கின்றன. ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் என்ற குதிக்கும் எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் படிக்கப்பட்ட இரண்டு எறும்புகளில் அது ஒன்று. தென்னிந்தியக் காடுகளில் இருப்பது. பெரிய கண், நீண்ட தாடை. அதன் ராணி செத்துவிட்டால் வேலைக்காரிகள் ஒன்றையொன்று உணர்கொம்பால் அடித்துக்கொண்டு போட்டி போடுகின்றன. வாரக்கணக்கில் நடக்கும் இந்தச் சண்டையில் சாவு கிடையாது. யார் முட்டையிடுவது என்பதுதான் வழக்கு. ஜெயித்தவற்றின் சூலகம் வளர்கிறது, மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது, ஆயுள் நீள்கிறது. சுமார் 7 மாதம் வாழ்ந்து முடித்திருக்க வேண்டிய எறும்பு, 4 ஆண்டு வரை வாழ்கிறது. அப்புறம் அதையே பிடித்து, ஏற்கெனவே முட்டையிடுபவர்கள் இருக்கும் வேறு கூட்டில் விட்டால் மற்றவை அதை அடக்கிவிடுகின்றன. சூலகம் சுருங்கி, மூளை பழையபடி வளர்ந்து, மறுபடியும் வேலைக்காரி ஆகிவிடுகிறது. நீண்ட ஆயுளும் கையைவிட்டுப் போகிறது.

ஓர் உயிருக்குள்ளேயே, ஓர் எழுத்தும் மாறாமல், ஆயுள் நீள்வதும் குறைவதும் நடக்கிறது. 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதன் உள்வேலையைக் கொஞ்சம் திறந்து காட்டியது. முட்டையிடத் தொடங்கிய எறும்பின் மூளை இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. சூலகம் வளர அது தேவை. ஆனால் பழ ஈயிலும் உருளைப்புழுவிலும் பார்த்த வரைக்கும், இன்சுலின் சமிக்ஞை கூடினால் ஆயுள் குறையத்தான் செய்யும். இந்த எறும்பு என்ன செய்கிறது என்றால், வளர்ந்த சூலகத்திலிருந்தே இம்ப்-எல்2 என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது இன்சுலின் சமிக்ஞையின் ஒரு கிளையைக் கொழுப்புத் திசுவில் அடைக்கிறது. சூலகத்துக்கு வேண்டிய கிளை திறந்தே இருக்கிறது. பிள்ளை பெறும் வேலையும் நடக்கிறது, முதுமையும் தள்ளிப்போகிறது. முதல் தடவை இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் இந்த ஆய்வு நடந்ததே, கூட்டில் எந்த எறும்பு எப்போது மாறியது என்று குறித்து வைத்ததால்தான்.

கரையானிலும் அதே கதை. 2018-இல் மேக்ரோடெர்மெஸ் பெல்லிகோசஸ் இனத்தில் இளம் வேலைக்காரர்களையும் வயதான வேலைக்காரர்களையும், இளம் ராஜா ராணிகளையும் வயதான ராஜா ராணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வயதான வேலைக்காரர்களில், மரபணுத்தொகுதிக்குள் இடம் விட்டு இடம் தாவும் கூறுகள் தலைதூக்கியிருந்தன. அவற்றை அடக்கி வைக்கும் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் காவல் தளர்ந்திருந்தது. வயதான ராஜாவிடமும் ராணியிடமும் அந்தத் தளர்ச்சியைக் காணவில்லை. இதில் 'வயதான' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஆய்வில் ஒன்றுமே மிஞ்சாது.

டெம்னோதோராக்ஸ் நைலாண்டரி என்ற குட்டி எறும்பின் கதை இன்னும் விசித்திரம். அதன் வயிற்றுக்குள் ஒரு நாடாப்புழு குடியேறிவிட்டால், அந்த வேலைக்காரி வெளிறிய மஞ்சளாகி, கூட்டைவிட்டு அதிகம் வெளியே போகாமல், கிட்டத்தட்ட ராணி போலவே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. 2021-இல் இதைச் சொன்னவர்கள் மூன்று ஆண்டு உட்கார்ந்து செத்தவற்றை எண்ணியிருக்கிறார்கள். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அந்த எண்ணிக்கைக்கு ஈடு செய்ய முடியாது.

இப்போது என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

நான் ஆய்வாளன் இல்லை, எறும்பு வளர்ப்பவன். ஒரு மழைநாள் மாலையில் இறக்கை உதிர்த்துவிட்டுச் சுவரோரம் அலைந்துகொண்டிருந்த ஒரு கட்டெறும்பு ராணியைப் பிடித்து ஒரு சோதனைக் குழாயில் விட்டேன். குழாயின் அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன்மேல் இறுக்கமாகப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் அரண்மனை. மூன்றாம் நாள் முதல் முட்டை. அதிலிருந்து அது ஒன்றும் தின்னவில்லை. பறப்பதற்கு வைத்திருந்த தசையை உள்ளுக்குள்ளேயே கரைத்துத்தான் முதல் பிள்ளைகளுக்கு ஊட்டியது. 44-ஆம் நாள் முதல் வேலைக்காரி கூட்டுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நிறம் ஏறாத, கண்ணாடி போன்ற உடம்பு, கால் தடுமாறியது. ராணி தலையைத் தாழ்த்தி அதை நக்கிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

அந்த ராணி 11 ஆண்டு 4 மாதம் என்னோடு இருந்தது. ஒரே ஒரு நாள் பறந்ததில் சேர்ந்த ஆணின் விந்தைத் தன் விந்துப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அத்தனை ஆண்டும் அதிலிருந்தே எடுத்துப் பெண் முட்டைகளைக் கருவுறச் செய்தது. கடைசி ஆண்டில் பின்னங்கால் ஒன்றின் நுனி போய்விட்டது, நடை மெதுவாகிவிட்டது, முட்டை குறைந்தது. ஒருநாள் காலையில் பார்த்தபோது அசையவில்லை. வேலைக்காரிகளுக்கு அது செத்தது தெரிந்ததாகவே தெரியவில்லை. வழக்கம்போல நக்கிக்கொண்டும் இழுத்து நிழலில் வைத்துக்கொண்டும் இருந்தன. டி.என்.ஏ. சிதைவதற்குள் எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும் என்று தெரியும், கை வரவில்லை. கடைசியில் இடுக்கியால் எடுத்தபோது ஒரு வேலைக்காரி அதன் காலைக் கவ்விக்கொண்டு கூடவே வந்தது. அதை மெல்ல விடுவித்துக் கூட்டில் விட்டுவிட்டு ராணியைக் குப்பியில் போட்டேன்.

அந்த இனத்தைப் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வகம் கேட்டுக்கொண்டதால், உறைபனிப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். நோட்டின் ஒன்பது பக்கங்களைப் படியெடுத்துக் கூடவே வைத்தேன். பிடித்த நாள், முதல் முட்டை, முதல் வேலைக்காரி, ஆண்டுவாரியாகக் கூட்டின் எண்ணிக்கை, வெப்பநிலை, செத்த நாள் எல்லாம் அதில் இருந்தன. ஓர் ஆண்டு கழித்துப் பொதுத் தரவுத்தளத்தில் பதிவு வந்தது. ஆசையோடு திறந்தேன். பால்: பெண். வளர்ச்சி நிலை: முதிர்பூச்சி. வயது: சேகரிக்கப்படவில்லை.

சேகரிக்கப்படவில்லை! அதை 11 ஆண்டு சேகரித்தவன் நான். கடிதம் எழுதினேன். வயது என்பது கட்டாயக் கட்டம் இல்லை, விட்டுப்போயிருக்கும், அடுத்த முறை திருத்துகிறோம் என்று மரியாதையாகவே பதில் எழுதினார்கள். மூன்று ஆண்டாகிறது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. டி.என்.ஏ.வைப் படித்த தரம் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் நாளை யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, ராணி எறும்பின் டி.என்.ஏ.வில் முதுமை விட்ட தடத்தைத் தேடினால், இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு இது உதவாது என்று தாண்டிப் போய்விடுவார். அந்த ஆதங்கம் எனக்குத் தீரவில்லை. அதற்குப் பிறகு நான் திறந்து பார்த்த எறும்பு, கரையான் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் வயதுக் கட்டம் அதே நிலையில்தான் இருந்தது.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. காட்டில் புற்றை வெட்டி ராணியைத் தோண்டி எடுக்கும்போது அதன் நெற்றியில் வயது எழுதியிருக்காது. மரம் போல வளையம் எண்ணவும் வழி இல்லை. ஆனால் அந்தப் புற்று நான்கு ஆண்டுக்கு முன் எடுத்த படத்தில் இருந்தால், ராணி மாற்றம் நடக்காத இனம் என்றால், 'குறைந்தது 4' என்று எழுதலாமே. அதுவும் ஒரு தரவுதான். ஒரு வண்டைச் சொல்கிறேன். பூப்ரெஸ்டிஸ் ஆரூலெண்டா என்ற பொன்வண்டு, 1983-இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் மாடிப்படி மரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தது. உலர்ந்த கட்டையில் சத்து இல்லாததால் அதன் புழுப்பருவம் இழுத்துக்கொண்டே போய், குறைந்தது 51 ஆண்டு உள்ளேயே இருந்திருக்கிறது. இது எப்படித் தெரியும்? மரம் எப்போது அங்கே வந்தது என்பதற்குக் கணக்கு இருந்தது, அவ்வளவுதான். பூச்சியின் வயது தெரியாவிட்டாலும் அது இருந்த இடத்தின் வயது பல நேரம் தெரியும்.

எறும்பில் இன்னொரு சங்கதி. ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதற்கு ஒற்றைத் தொகுதிதான். தாய் வழி, தந்தை வழி என்று இரண்டு பிரதி கலந்து குழப்பாது. அதனால் பல இடங்களில் ஆணைத்தான் எடுத்துப் படிக்கிறீர்கள். தொழில்நுட்பமாக அது சரியான முடிவு. ஆனால் கூட்டிலேயே ஆயுள் மிகக் குறைந்தது அந்த ஆண்தான். நீண்ட நாள் வாழும் பூச்சி என்று நாம் பெருமையாகச் சொல்லும் இனத்தின் மூலப்பிரதி, சில வாரமே வாழ்ந்த உடம்பிலிருந்து வந்திருக்கிறது. அதுவே போதும் என்று நிறுத்திவிடாமல், அந்த ஆணைப் பெற்ற ராணியின் வயதையும் சேர்த்து எழுதினால் அந்தப் பதிவுக்கு வேறு ஒரு உயிர் வந்துவிடும்.

ஏன் என்றால், மகன் எறும்பின் ஒற்றைத் தொகுதி முழுக்க முழுக்க ராணியின் முட்டையிலிருந்து வந்தது. கூட்டின் மூன்றாம் ஆண்டில் பிறந்த மகன்கள் சிலரையும் பதினைந்தாம் ஆண்டில் பிறந்த மகன்கள் சிலரையும் உறையவைத்திருந்தால், இடைப்பட்ட 12 ஆண்டில் ராணியின் முட்டைவழி டி.என்.ஏ.வில் எத்தனை எழுத்துப்பிழை சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். சில இனங்களில் வேலைக்காரியும் ஆண் முட்டை இடும். அது ராணியின் மகன்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றபடி இதற்குத் தேவை ஆண்டுக்கு ஒரு குப்பியும், அதன்மேல் ஒட்ட ஒரு சீட்டும், ஆழ்குளிர் பெட்டியில் ஒரு மூலையும். இன்றைய நீள்வாசிப்புக் கருவிகள் ஒரே மூச்சில் 15,000, 20,000 எழுத்துகளை ஏறத்தாழப் பிழையின்றிப் படிக்கின்றன. 2019-இல் ஒரே ஒரு கொசுவிலிருந்து முழுத் தொகுதியையும் தொகுத்துக் காட்டினீர்கள். அப்படியிருக்க, மாதிரி போதாது என்ற பழைய காரணம் இப்போது செல்லாது. ராணியையே படிப்பதாக இருந்தால் மட்டும் வயிற்றை முழுதாக அரைக்காதீர்கள். விந்துப்பையில் இருக்கும் ஆணின் டி.என்.ஏ.வும் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களும் கலந்துவிடும். தலையும் மார்பும் போதும்.

வயதைத் தேடி அலையவே வேண்டாத ஒரு பூச்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 13 ஆண்டு, 17 ஆண்டு மண்ணுக்குள் இருந்துவிட்டு ஒன்றாக வெளியே வரும் மேஜிசிகாடா சில்வண்டுகள். மொத்தம் ஏழு இனம். எந்தக் கூட்டம் எந்த ஆண்டு வரும் என்பது ஊருக்கே தெரியும். 2021-இல் பத்தாம் கூட்டம் வந்தது. 2024-இல் 13 ஆண்டுக்காரர்களின் ஒரு கூட்டமும் 17 ஆண்டுக்காரர்களின் ஒரு கூட்டமும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803-இல். ஒரே இடத்தில், ஒரே வயதில், கோடிக்கணக்கில் பூச்சிகள்! இப்படி ஒரு வாய்ப்பு வேறு பூச்சிகளில் கிடைப்பது அரிது.

ஆனால் நாம் எடுப்பதெல்லாம் 17-ஆம் ஆண்டு வெளியே வந்து மரத்தில் கத்திக்கொண்டிருப்பதைத்தான். நான்காம் ஆண்டு இளம்பூச்சி எங்கே, ஒன்பதாம் ஆண்டு எங்கே? அது மண்ணுக்குள் வேரிலிருந்து சாறு உறிஞ்சிக்கொண்டே எப்படி ஆண்டை எண்ணுகிறது என்பதுதானே உண்மையான புதிர். 2000-இல் வெளியான ஒரு சோதனையில், இளம்பூச்சிகளைப் பீச் மரத்து வேர்களில் விட்டு, அந்த மரங்களை ஒரே ஆண்டில் இரண்டு முறை துளிர்க்க வைத்தார்கள். பூச்சிகள் ஓர் ஆண்டு முன்னதாகவே வெளியே வந்துவிட்டன. மரம் துளிர்க்கும் தடவையைத்தான் அவை எண்ணியிருக்கின்றன. அந்த எண்ணிக்கை உடம்பில் எங்கே எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டுமானால், ஆண்டுதோறும் ஒரே மரத்தடியில் தோண்டிச் சில இளம்பூச்சிகளை எடுத்து, ஆண்டைக் குறித்து உறையவைக்க வேண்டும். உருவத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. ஒரே வயதுப் பூச்சிகளே வேறு வேறு வேகத்தில் வளர்கின்றன. சிலது நான்கு ஆண்டு முந்திக்கொண்டு வெளியே வருவதும் உண்டு; அவற்றையும் 'வழி தவறியவை' என்று ஒதுக்காமல் தனியாகக் குறித்து எடுத்து வையுங்கள். இந்தச் சில்வண்டின் உடம்புக்குள் சல்சியா, ஹாட்ஜ்கினியா என்று இரண்டு பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அதில் ஹாட்ஜ்கினியாவின் மரபணுத்தொகுதி ஒரே பூச்சிக்குள் பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. மண்ணுக்குள் கழியும் இந்த நீண்ட ஆயுளுக்கும் அந்தப் பிளவுக்கும் என்ன உறவு என்பதும் ஆண்டுவாரி மாதிரி இருந்தால்தான் துலங்கும்.

நிதி ஒதுக்குபவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று ஆண்டுத் திட்டத்தில் 20 ஆண்டு வாழும் ராணியைத் தொடர முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். திட்டத்தை 20 ஆண்டுக்கு நீட்டச் சொல்லவில்லை. திட்டம் முடிந்த பிறகும் கூட்டைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்க வேண்டும், குப்பிகளைத் தொடர்ந்து வைக்க ஓர் அருங்காட்சியகத்தில் இடம் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். ஜான் லபக் ஒரு வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. வேலை நேரம் போக வீட்டில் எறும்பு வளர்த்தார். 1874-இல் அவரிடம் வந்த ஒரு ராணி 1888 வரை வாழ்ந்தது. லேசியஸ் நைகர் இனத்து ராணி ஒன்று வளர்ப்பில் கிட்டத்தட்ட 29 ஆண்டு வாழ்ந்தது. எறும்பு ராணியின் ஆயுள் என்று புத்தகங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் எண் அதுதான். யாரோ ஒருவர் ஒரே ராணிக்கு 29 ஆண்டு தண்ணீரும் தீனியும் வைத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி ஆட்கள் இன்றும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பத்து, பதினைந்து வயது ராணிகள் அவர்களுடைய அலமாரிகளில் இருக்கின்றன, பக்கத்தில் தேதி எழுதிய நோட்டும் இருக்கிறது. அவர்களைக் கேளுங்கள். அனுப்புவதற்கு முறையான அனுமதி வாங்க உதவுங்கள். எப்படி உறையவைப்பது என்று ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதிக் கொடுங்கள். வந்த மாதிரியின் பதிவில் நோட்டில் இருக்கும் தேதிகளை ஏற்றுங்கள்.

தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சேகரித்த தேதியையும் இடத்தையும் கட்டாயமாக்கினீர்கள். முதலில் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது பழகிவிட்டார்கள். கூட்டமாக வாழும் பூச்சிகளுக்கும், புழுப்பருவமே ஆண்டுக்கணக்கில் நீளும் பூச்சிகளுக்கும் வயதையும் அப்படிச் செய்யுங்கள். எண் ஒரு கட்டம், அது சரியான வயதா குறைந்தபட்ச வயதா என்று ஒரு கட்டம், எப்படித் தெரிந்தது என்று ஒரு வரி. போதும்.

என் வீட்டில் இப்போது இன்னொரு ராணி இருக்கிறது. அதே இனம்தான், ஆறாம் ஆண்டு நடக்கிறது. இந்த முறை ஆண்டுக்கு ஒரு குப்பி எடுத்துவைத்து வருகிறேன்: ஐந்து வேலைக்காரிகள், ஆண்கள் வந்த ஆண்டில் இரண்டு ஆண்கள், தேதி, ராணியின் வயது. ஐந்து குப்பி சேர்ந்திருக்கிறது. ஆறாவது அடுத்த மாதம். வயதுக் கட்டத்தை நிரப்பிப் பதிவேற்றுகிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தரும் எந்த ஆய்வகத்துக்கும், கேட்ட அன்றே, நோட்டோடு சேர்த்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
எறும்பு வளர்க்கும் ஒருவன்